சைட் கண்ட்ரோல்ல இருந்து மவுண்ட்: காலை வீசாதீங்க, தறி நாடா மாதிரி உடுங்க!

[திரையில்: பயிற்சி மேட்டுல (மெத்தையில) ரெண்டு பேர். மேல இருக்கறவர் காலைத் தூக்கி வீசறார். கீழ இருக்கறவர் ஒரே உருட்டுல மேல வந்துடறார்.]

நிறுத்துங்க, நிறுத்துங்க. பார்த்தீங்களா? சித்த முன்னாடி வரைக்கும் ஜெயிச்சிட்டு இருந்த ஆளு, இப்ப மல்லாந்து கூரை ஓட்டை எண்ணிட்டு இருக்கறாரு. நெஞ்சோட நெஞ்சு வெச்சு நல்லாத்தானுங்க அமுக்கியிருந்தாரு. கெட்டது எங்கன்னா, சைக்கிள்ல ஏறுற மாதிரி காலைத் தூக்கி வீசினதுல.

வணக்கமுங்க. இது பிரேசிலியன் ஜூஜிட்சுங்க. பக்கவாட்டுல இருந்து நெஞ்சால அமுக்கறது சைட் கண்ட்ரோல், ரெண்டு பக்கமும் கால் போட்டு மேல ஏறி உக்கார்றது மவுண்ட். வரலாறு ஒரே மூச்சுல: ஜூடோக்காரர் மிட்சுயோ மைதா 1914ல பிரேசில் போனாரு, அவர்கிட்டக் கத்துக்கிட்ட கிரேசி குடும்பம் தரைச் சண்டையை வளர்த்துச்சு, அதுதான் பிரேசிலியன் ஜூஜிட்சு. முடிஞ்சுது.

சரி, பக்கத்துல அமுக்கினதே போதாதா, எதுக்கு மேல ஏறணும்? ஜூடோவுல போதும். 20 செகண்ட் அமுக்கிப் புடிச்சா ஆட்டமே உங்களுது. ஜூஜிட்சுல அப்படி இல்லீங்க. கார்டைத் தாண்டி, அதாவது கீழ இருக்கறவர் காலால போடற தடுப்பைத் தாண்டி வந்ததுக்கு 3 பாயிண்ட், அதோட சரி. அங்கயே நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் கூட ஒண்ணும் வராது. மவுண்ட் ஏறி 3 செகண்ட் நின்னா 4 பாயிண்ட். ஆனா உங்க ஒரு கால் அவர் தொடைகளுக்கு நடுவுல மாட்டியிருந்தா அது ஹாஃப் கார்டுதான், மவுண்ட் பாயிண்ட் கிடையாது. சண்டையே அந்த ஒரு காலுக்குத்தானுங்க.

இப்ப தறிக்கு வாங்க. ஆமாங்க, தறிதான். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்குள்ள நின்னு பார்த்திருக்கீங்களா? நீளவாக்குல ஓடற பாவு நூல்ல பாதி மேல போகும், பாதி கீழ வரும். நடுவுல ஒரு சின்ன வாய் திறக்கும். அந்த வாய்க்குள்ள நாடா, குறுக்கு நூலைக் கொண்டு போற கட்டை, இக்கட்டால இருந்து அக்கட்டால பாயும், கீழ் இழையை உரசிட்டே. வாய் மூடுற நேரத்துல போச்சுன்னா நடுவுலயே மாட்டிக்கும். பாவு கொத்தா அறுந்துரும். அப்புறம் உக்காந்து ஒவ்வொரு இழையா முடிச்சுப் போட்டுட்டு இருக்கணும்.

கீழ படுத்திருக்கறவரோட முழங்கையும் முட்டியும்தான் அந்த ரெண்டு பாவு. அது ரெண்டும் ஒட்டியிருந்தா வாய் மூடியிருக்குதுன்னு அர்த்தம். உங்க முட்டிதான் நாடா. நடுவுல மாட்டினா ஹாஃப் கார்டு. காலைத் தூக்கி வீசறது? அது தறியை உட்டு வெளிய பறக்கற நாடா. அது என்ன பண்ணும்னு தறி ஓட்டறவங்களைக் கேளுங்க, தழும்பைக் காட்டுவாங்க.

[திரையில்: மேல இருந்து எடுத்த காட்சி, மெதுவா.]

கீழ படுத்திருக்கறவருக்கு வலப்பக்கம் நீங்க இருக்கறீங்கன்னு வெச்சுக்குவோம். உங்க இடது கை அவர் கழுத்துக்கு அடியில. இடது தோள் அவர் தாடையில அழுந்தி, முகம் உங்களை விட்டு அக்கட்டால திரும்பணும். முகம் அங்க திரும்பிட்டா உடம்பை உங்க பக்கம் திருப்பறது நொம்ப சிரமம்.

உங்க வலது கை அவரோட இடது கக்கத்துக்கு அடியில போகுது. போனா மட்டும் பத்தாதுங்க. அந்த முழங்கையை அவர் காதுப் பக்கம் மேல ஏத்துங்க. கைமுட்டி மேல போகப் போக, முழங்காலுக்கும் அதுக்கும் நடுவுல இடம் திறக்கும். இதுதான் வாய் திறக்கறது. முக்காவாசிப் பேரு இதைச் செய்யாமயே ஏறப் பார்க்கறாங்க.

இப்ப உங்க வலது முட்டி. மொதல்ல அவர் இடுப்பெலும்புல கொண்டு வந்து ஒட்ட வைங்க. அப்புறம் பெல்ட் கட்டுற இடத்து மேல, வயித்தை உரசிட்டே குறுக்க தள்ளுங்க. குதிகால் உங்க பின்புறத்தைத் தொடுற அளவுக்கு மடங்கி இருக்கணும். பாதம் பின்னால நீட்டிட்டு இருந்துச்சுன்னா, அதைத்தான் அவர் தொடையில கவ்வுவாரு. முட்டி அக்கட்டால மேட்டைத் தொடுற வரைக்கும் உங்க நெஞ்சு அவர் நெஞ்சை விட்டு எழக்கூடாது. எழுந்தா அந்தச் சந்துல கையைக் குடுத்து உங்க இடுப்பைத் தள்ளிருவாரு.

நல்லா வெளையாடறவர் சும்மா இருக்க மாட்டாருங்க. பக்கத்துல இருக்கற வலது முட்டியை மடக்கிச் சுவரு மாதிரி நிறுத்துவாரு. அப்ப தள்ளாதீங்க. தோளோட அழுத்தத்தை அப்படியே வெச்சுட்டு, வலது கையை மட்டும் உருவி, அவர் முட்டியை அக்கட்டாலச் சாய்ச்சு அமுக்குங்க. சாய்ஞ்ச உடனே முட்டி போகணும், ஒரு செகண்ட் தாமதிச்சாலும் சுவரு திரும்ப நிக்கும். இன்னொரு வழி: உங்க வலது பாதத்தை உங்க கையாலயே புடிச்சு இழுத்துத் தாண்ட வைங்க. பார்க்க அசிங்கமா இருக்கும், வேலை செய்யும். எனக்கு இதுதான் புடிக்கும்.

மூணாவது வழியும் இருக்குது, முட்டியை வயித்து மேல ஊணி நிக்கறது. 3 செகண்ட் நின்னா அதுக்கே 2 பாயிண்ட். அவர் ரெண்டு கையாலயும் முட்டியைத் தள்ள வருவாரு, கைமுட்டி உடம்பை விட்டு விலகும், அந்த நேரத்துல முட்டியை அப்படியே வழுக்கி உடுங்க.

ஏறியாச்சு. உடனே நிமிர்ந்து உக்காந்து ஊரைப் பார்க்காதீங்க! முதல் ரெண்டு மூச்சுக்குள்ள இடுப்பைத் தூக்கி உருட்டத்தான் பார்ப்பாரு. நெஞ்சைத் தாழ்த்தி, முட்டி ரெண்டையும் விலாவோட இறுக்கி, பாதங்களை அவர் தொடைக்கடியில சொருகுங்க. எந்தப் பக்கம் உருட்டறாரோ அந்தப் பக்கக் கை மேட்டுல ஊணியிருக்கணும். கை அவர் தலைக்கடியில சிக்கியிருந்தா உருவி எடுத்து ஊணுங்க. அவர் ஓய்ஞ்ச பொறவு, முட்டியை மெதுவா அவர் கக்கம் வரைக்கும் ஏத்திட்டுப் போலாம்.

பயிற்சிக்கு: பக்கத்துக்குப் பத்துத் தடவை, கூட்டாளி சும்மா படுத்திருக்கட்டும். அடுத்த பத்துல முட்டியை மட்டும் நிறுத்தட்டும். அப்புறம் முழு பலத்தோட, ஒரு நிமிசம், சைட் கண்ட்ரோல்ல இருந்து மட்டும். விலாவுல முட்டியைக் குத்தி ஏறாதீங்க, அவர் நாளைக்கு வேலைக்குப் போகணுமுங்க. போதும்னு அவர் கையால தட்டினா உடனே உட்டுருங்க.

உங்க நாடா எங்க மாட்டுது, தொடையிலயா, சுவருலயா? கமெண்ட்ல போடுங்க. ஹாஃப் கார்டுல மாட்டின காலை உருவறது அடுத்த வீடியோங்க.