புளியமரத்திலிருந்து இறங்கிய விமானம்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோட்டில் கிணற்று மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்கிறவன் நான், ஆனால் இன்றைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டது ரிமோட்டில் பறக்கிற ஃபோம் விமானத்தைப் பற்றி. போன ஆடியில் என் விமானம் புளியமரத்தில் மோதி உடைந்தது. அதை ஒட்டி, மோட்டாரும் மாற்றி மறுபடி பறக்கவிட்டேன், அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஏன் விழுந்தது? காற்று போகிற திசையிலேயே விமானம் போகும்போது, தரையில் நிற்கிற நமக்கு அது தலைதெறிக்க ஓடுவதுபோலத் தெரியும். நானும் அப்படி நினைத்துப் பவரைக் குறைத்தேன். இறக்கைக்குக் கணக்கு தன் மேல் படுகிற காற்றின் வேகம்தான், தரையில் எவ்வளவு வேகம் என்பது அதற்குத் தெரியாது. திருப்பத்தில் அந்த வேகம் போதாமல் ஒரு பக்க இறக்கை சாய்ந்தது, அவ்வளவுதான். மூக்கு நசுங்கி, இறக்கை இரண்டாகி, வால் கிளையில் மாட்டிக்கொண்டது.

அக்கா மகனும் நானும் உடைந்த துண்டுகளை, பட்டாணி அளவு இருந்ததைக்கூட விடாமல், பொறுக்கினோம். உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும், அதைவிட நல்ல அச்சு கடையில் கிடைக்காது. நசுங்கிய மூக்குக்கு வெந்நீர் வைத்தியம்: இந்த விமானம் இபிஓ என்கிற ஃபோம், அதன் சின்னச் சின்ன மணிகளுக்குள் காற்று இருக்கிறது, கொதித்து இறக்கிய தண்ணீரில் சில விநாடி முக்கி எடுத்தால் அந்தக் காற்று விரிந்து பள்ளம் பெருமளவு எழும்பிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

பசையில் மட்டும் அவசரப்படாதீர்கள். சின்ன டியூபில் வரும் இன்ஸ்டன்ட் பசை சாதாரண தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும், அதற்கென்று ஃபோமைக் கரைக்காத வகை தனியாக இருக்கிறது. இறக்கைக்கு நான் எடுத்தது இரண்டு டியூபைக் கலக்கிற எபாக்சி, மெல்லிசாகப் பூசினேன். அதுமட்டும் தாங்காது. உடைந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளம் போகிற மாதிரி அடியில் காடி வெட்டி, 4 மில்லிமீட்டர் கார்பன் குழாயைப் பதித்து ஒட்டினேன்.

அப்புறம் மோட்டார், நம்ம தொழில். பழையது கார்பன் பிரஷ் உள்ள மோட்டார், அதை எடுத்துவிட்டு 2212 அளவில் பிரஷ் இல்லாத மோட்டார் போட்டேன். 22 என்பது ஸ்டேட்டரின், அதாவது உள்ளே கம்பி சுற்றிய, சுழலாத பகுதியின் விட்டம், 12 அதன் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். அதில் 1000 கேவி என்று போட்டிருந்தால், சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்று அர்த்தம், 11.1 வோல்ட் பேட்டரிக்கு 11,100 சுற்று. கம்பிச் சுற்றைக் குறைத்துச் சுற்றினால் கேவி ஏறும், இழுக்கிற ஆம்பியரும் ஏறும், அதனால் கேவி கூடக் கூட, மோட்டாரில் மாட்டுகிற காற்றாடி, அதாவது ப்ரொபெல்லர், சின்னதாகப் போட வேண்டும். மூன்று ஒயர் வரும், தப்பான பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள், த்ரீ பேஸ் மோட்டாரில் செய்வது போலத்தான். ஆனால் சோதிக்கும்போது காற்றாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். தயவுசெய்து. பத்து அங்குலக் காற்றாடி விரலைப் பதம் பார்த்துவிடும்.

எல்லாம் முடிந்தது, நாளைக்குப் பறக்கவிடலாம் என்று நான் குதித்துக்கொண்டிருக்கும்போது அக்கா மகன் சொன்னான், "மாமா, வாலு தொங்குது பாருங்க." பார்த்தால் ஆமாம். விரிசல் விட்ட வாலில் நான் பயத்தில் பசையை அப்பியிருந்தேன். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்ததில் அந்த வால் மட்டும் 8 கிராம் கூடியிருந்தது. எட்டு கிராமா என்று கேட்பீர்கள். விமானம் மட்டமாக நிற்கிற புள்ளியிலிருந்து பார்த்தால் வால் எங்கோ பின்னால் இருக்கிறது, மூக்கு பக்கத்தில் இருக்கிறது, என் விமானத்தில் அந்தத் தூரம் மூன்று மடங்கு, ஆக மூக்கில் 24 கிராம் வைத்தால்தான் சமமாகும். ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான் என்பது என் கருத்து.

என் இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம், அதன் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் இரண்டு விரலால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். ஈயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. உப்புத்தாளால் வால் பசையைத் தேய்த்துப் பாதிக்கு மேல் எடுத்தோம், பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினோம், மட்டமாக நின்றது.

பேட்டரி பற்றி ஒன்று. லிப்போவை, அதாவது இந்த லித்தியம் பாலிமர் பேட்டரியை, ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, பறக்காத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது, பேட்டரி உப்பிப்போனால் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள், அங்கே விமான ஓடுதளம் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, காற்று எழும்புவதற்கு முன், வறண்ட ஏரிக்குள் இறங்கினோம். ரிமோட்டை அக்கா மகன் கையில் கொடுத்துவிட்டு, நான் விமானத்தைக் காற்றுக்கு எதிரே வீசினேன். நேராகப் போனது, ரிமோட்டில் ட்ரிம் என்கிற சின்னத் திருத்தம் இரண்டே தட்டு, அப்புறம் ஆறு நிமிடம் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.