கல்யாணத்தால் அந்நியரானவர்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் என்றால் ஊர்வலம், சிறை, உண்ணாவிரதம் என்று நிறைய பேர் பேசிவிட்டார்கள். நான் இன்று பேசப் போவது ஒரு வழக்கைப் பற்றி. அதைப் போட்டவர் எத்தல் மெக்கன்சி. பாடப் புத்தகங்களில் இந்தப் பெயரை அதிகம் பார்க்க முடியாது, வழக்கில் அவர் தோற்றுப்போனதுகூட அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எத்தல் கலிபோர்னியாவில் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தவர், பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று அந்த மாநிலத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர். 1911 அக்டோபரில் கலிபோர்னிய ஆண்கள் வாக்களித்து அந்த உரிமையைக் கொடுத்தார்கள், அதுவும் மாநிலம் முழுக்கச் சேர்த்தே சுமார் 3,600 வாக்கு வித்தியாசத்தில்தான். சான் பிரான்சிஸ்கோ நகரம் வேண்டாம் என்றுதான் வாக்களித்திருந்தது. சரி, எப்படியோ ஜெயித்தாயிற்று. 1913 ஜனவரி 22ஆம் தேதி எத்தல், வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்லி அதே சான் பிரான்சிஸ்கோவின் தேர்தல் அதிகாரிகளிடம் போகிறார். முடியாது என்கிறார்கள்.

வயது, வசிப்பிடம் எல்லாம் சரியாக இருந்தது, இடித்தது அவருடைய கல்யாணம். 1909 ஆகஸ்டில் அவர் கார்டன் மெக்கன்சி என்பவரை மணந்திருந்தார். கார்டன் ஒரு பாடகர், ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் பிரஜை. அப்படியானால் மனைவியும் பிரிட்டிஷ் பிரஜைதானே, அந்நிய நாட்டாருக்கு இங்கே ஏது ஓட்டு என்பதுதான் அதிகாரிகளின் பதில்.

அதிகாரிகள் இதைத் தாங்களாகச் சொல்லவில்லை. 1907 மார்ச் 2ஆம் தேதி காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன் மூன்றாவது பிரிவின்படி, வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் கணவனுடைய நாட்டுக்காரி ஆகிவிடுவாள். அவள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, தாலி ஏறியதும் கோத்திரம் மாறுகிற மாதிரி குடியுரிமை தானாக மாறிவிடும். கணவன் இறந்தாலோ விவாகரத்து ஆனாலோ திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் அமெரிக்க ஆண் ஒருவன் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் அவனுக்கு எதுவும் போகாது, 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெண்தான் பெரும்பாலும் அமெரிக்கப் பிரஜை ஆவாள். ஆக மொத்தம், குடும்பத்துக்கு ஒரு நாடு, அது ஆணின் நாடு.

இதில் எத்தலுக்குச் சுலபமான ஒரு வழி இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அவர் செய்ததன் கனம் தெரியாது. கார்டன் மனுப் போட்டு அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டால் போதும், அவர் மூலமாக எத்தலும் அமெரிக்கர் ஆகிவிடலாம், ஓட்டும் வந்துவிடும். ஆனால் அது கணவர் தயவில் வரும் ஓட்டு. பிறப்பால் எனக்கு வந்ததை இன்னொருவர் காகிதத்தில் ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட வழக்கின் உயிர். என் பெயரைப் பட்டியலில் சேர்க்க அதிகாரிகளுக்கு உத்தரவிடுங்கள் என்று கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அங்கே தோற்று, வாஷிங்டனில் இருக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அவருடைய வாதம் எளிமையானது, எனக்கு இன்றைக்கும் அசைக்க முடியாததாகத்தான் தெரிகிறது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்று அரசமைப்பின் பதினான்காவது திருத்தம் சொல்கிறது. அரசமைப்பு கொடுத்த ஒன்றை, அதை விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லாதபோது, காங்கிரஸ் எப்படிப் பிடுங்க முடியும்?

1915 டிசம்பர் 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஜோசப் மெக்கென்னா. கணவனும் மனைவியும் ஒன்று என்பது பழமையான சட்டக் கொள்கை, வெளிநாட்டு விவகாரங்களில் அதற்குத் தேவையும் இருக்கிறது என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம்: இந்தப் பெண்ணிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லையாம், சட்டம் தெரிந்தே, தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டார், ஆகவே குடியுரிமையை அவரே விட்டுக்கொடுத்ததாகத்தான் கொள்ள வேண்டுமாம்! வெளிநாட்டுப் பெண்ணைத் தன் இஷ்டப்படி மணந்த எந்த அமெரிக்க ஆணிடமும் இந்த நியாயத்தை யாரும் பேசியதில்லை.

எத்தல் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1913 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த மாபெரும் வாக்குரிமை ஊர்வலத்தில் வெள்ளைக் குதிரையில் முன்னால் போனாரே ஐனெஸ் மில்ஹாலண்ட், வழக்கறிஞர், அவர் அதே ஆண்டு ஒரு டச்சுக்காரரை மணந்தார், குடியுரிமை போயிற்று. 1916இல் வாக்குரிமைப் பிரசாரத்திலேயே உடம்பு கெட்டு இறந்துபோனார், எந்த நாட்டின் ஓட்டுக்காக ஓடினாரோ அந்த நாடு அவரை வெளியாள் என்று சொல்லிக்கொண்டிருந்த நிலையிலேயே. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மானியர்களை மணந்த அமெரிக்கப் பெண்கள் இப்போது எதிரி நாட்டவர். 1918 ஜூனில் அவர்கள் போய்ப் பதிவு செய்து, கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டியிருந்தது. சிலருடைய சொத்துகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

எத்தலின் தோல்வி ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது: நீதிமன்றம் காப்பாற்றாது, சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு ஓட்டு வேண்டும், அது 1920இல் நாடு முழுக்கப் பெண்களுக்குக் கிடைத்தது. இரண்டு பெரிய கட்சிகளும் அந்த ஆண்டுத் தேர்தல் அறிக்கையிலேயே திருமணமான பெண்ணுக்குத் தனிக் குடியுரிமை தருவதாகச் சொல்லிவிட்டன. பெண் வாக்காளர் சங்கத்தின் மாட் உட் பார்க் போன்றவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களை விடாமல் துரத்தினார்கள். 1922 செப்டம்பரில் கேபிள் சட்டம் வந்தது, ஒஹாயோ உறுப்பினர் ஜான் கேபிள் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். இனி வெளிநாட்டவரை மணந்தாலும் குடியுரிமை போகாது.

ஆனால் எல்லோருக்கும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் என்று சட்டம் ஒதுக்கியிருந்த சீனர், ஜப்பானியர் போன்றவர்களை மணந்தால் பழைய கதைதான். 1923 பிப்ரவரியில், இந்தியாவிலிருந்து போய் அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. விடுதலைப் போராட்டக்காரர் தாரக்நாத் தாஸை மணந்த மேரி கீட்டிங் தாஸ் அதில் மாட்டினார். கணவர் ஏற்கெனவே அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தும், அது செல்லாது என்று அரசு கிளம்பியதால், அமெரிக்காவிலேயே பிறந்த மேரிக்கும் நாடு இல்லை என்றாயிற்று. வெள்ளைப் பெண்ணுக்கு நியாயம் செய்யும்போதும் நிறத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 1922க்கு முன் மணந்தவர்களுக்குக் குடியுரிமை தானாகத் திரும்பவில்லை. பிறந்த நாட்டிலேயே வெளிநாட்டவர் மாதிரி மனுப் போட்டு வாங்க வேண்டும். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் மகள் ரூத் பிரையன் ஓவன் அப்படித்தான் 1925இல் வாங்கினார், அவர் மணந்தது ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியை. 1928இல் புளோரிடாவிலிருந்து காங்கிரசுக்கு ஜெயித்தும்விட்டார். தோற்ற வேட்பாளர் சும்மா இருப்பாரா? ஏழு ஆண்டு குடிமகளாக இல்லாதவர் உறுப்பினர் ஆக முடியாது என்று கிளம்பினார். விசாரணைக் குழு முன்னால் தன் வழக்கைத் தானே வாதாடிய ரூத், எந்த அமெரிக்க ஆணையும் அவருடைய கல்யாணத்துக்கு விளக்கம் சொல்ல இங்கே கூப்பிட்டதில்லையே என்று கேட்டார். 1930இல் காங்கிரசின் பிரதிநிதிகள் சபை அவர் பக்கம் முடிவு செய்தது. அதே ஆண்டு ஜூலையில் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 1922க்கு முன் மணந்த பெண்கள் குடியுரிமையைத் திரும்பப் பெறுவதைச் சுலபமாக்கினார்கள். ஆசியர்களை மணந்தவர்களுக்கு இருந்த தடை 1931 மார்ச் வரை நீடித்தது.

நன்றி நேயர்களே, வணக்கம்.