தண்ணீரைக் காயவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனபிறகு, சேலத்தில் மொட்டை மாடிதோறும் சோலார் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. மாட்டிக் கொடுப்பவர்கள் இறங்கும்போது ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார்கள்: "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி அடிச்சு விடுங்க சார்." எந்தத் தண்ணீர், எந்த நேரத்தில், அடித்த தண்ணீர் எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. இன்றைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

நம் ஊர்த் தூசி ஒரே மாதிரி இல்லை. மாக்னசைட் சுரங்கப் பக்கம் வெள்ளைக்கல் மாவு. கிரஷர் ஓடும் இடங்களில் கருங்கல் தூள். கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டையில் தறிப் பஞ்சு. சங்ககிரிப் பக்கம் சிமெண்டு. மாசி, பங்குனியில் இதெல்லாம் கண்ணாடி மேல் சும்மா படிந்து கிடக்கும். நல்ல காற்று அடித்தால் பாதி போய்விடும். வம்பு ஈரம் பட்ட பிறகுதான். விடியற்காலைப் பனி நனைக்கிறது, எட்டு மணி வெயில் காய வைக்கிறது. தூசி பற்றாகிவிடுகிறது. சிமெண்டுத் தூசியைச் சொல்லவே வேண்டாம், ஈரம் பட்டால் இறுகுவதுதான் அதன் குணமே. கோடையில் நாலு தூறல் போட்டுவிட்டு நின்றுபோகிற மழையும் இப்படித்தான்: கழுவாது, புள்ளி வைத்துவிட்டுப் போகும். கொட்டித் தீர்க்கிற மழைதான் கழுவும்.

இப்போது போர் தண்ணீருக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஷவரில் துளை அடைக்கிறதா? வாளியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அதே உப்புதான் பேனலிலும் ஏறும். ஒரு கணக்குப் போடுவோம். தண்ணீரின் டிடிஎஸ் 1,500 என்றால் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு. குழாயால் அடித்துவிட்டு இறங்கிவிட்டீர்கள், ஒரு பேனலில் 100 மில்லி நின்று காய்கிறது. 150 மில்லிகிராம் உப்பு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. வாரம் ஒரு தடவை என்றால் வருஷத்துக்கு ஏழெட்டு கிராம், ஒரே பேனலில். தூசியாவது துடைத்தால் போகும். இந்தச் சுண்ணாம்புப் பூச்சு துணிக்கு மசியாது. பிறகு பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுப்பார்கள், கண்ணாடி மேல் பூசியிருக்கிற எதிரொளி தடுக்கும் மெல்லிய படலம் அதோடு சரி. கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும்.

ஆகவே குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி எடுத்து வையுங்கள். மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. மெஷினில் வீணாகப் போகிற தண்ணீரைப் பிடித்துக் கழுவலாமே என்று கேட்பார்கள். கூடாது, உப்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளிய தண்ணீர் அது. போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்றால் அதிலேயே கழுவுங்கள். ஆனால் ஒரு சொட்டு நிற்காமல் ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: எந்தத் தண்ணீரானாலும் பேனல் மேல் தானாகக் காயக்கூடாது.

கழுவும் நேரம், விடிந்தும் விடியாத நேரம். பனி ஏற்கெனவே தூசியை ஊறவைத்திருக்கும், பாதி வேலை முடிந்த மாதிரி. நடுப்பகலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். விரியாவிட்டாலும் வைப்பர் எடுப்பதற்குள் காய்ந்து கறையாகிவிடும்.

முதலில் இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் ஏசி சுவிட்சை அணையுங்கள், அடுத்து பேனலிலிருந்து வரும் டிசி சுவிட்சை. அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வயரில் மின்சாரம் இருக்கும். வரிசையாகச் சேர்த்த பேனல்களில் அது சில நூறு வோல்ட். கண்ணாடி உடைந்த பேனலில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மாட்டினவரைக் கூப்பிடுங்கள். பேனலுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலும் வயர் இணைப்பிலும் பீய்ச்சி அடிக்க வேண்டாம், பிரஷர் பம்பு வேண்டவே வேண்டாம். மேலே ஏறி நிற்கக்கூடாது, முட்டி கூடப் போடக்கூடாது: கண்ணாடி தாங்கும், உள்ளே மின்சாரம் தயாரிக்கும் செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

முதல் தண்ணீர் வெறுமனே ஊற்றுவதற்கு, தேய்ப்பதற்கு அல்ல. கருங்கல் தூளில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினம், உலர்ந்த துணியால் துடைத்தால் கோடு கோடாகக் கீறும். ஊற்றி, இரண்டு நிமிஷம் விட்டு, நீளக் கழியில் கட்டிய மெத்தென்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். இன்னொரு அலசல், உடனே வைப்பர். பேனலுக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும். ஆறு பேனலுக்கு ஒரு பெரிய வாளி. சோப்புத் தூள் வேண்டாம், அதன் பிசுக்கு புதுத் தூசியைக் கூப்பிடும். எண்ணெய்ப் புகை படியும் இடமானால் மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு வாளிக்கு இரண்டு சொட்டு. காக்கை எச்சத்துக்கு ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் தானாக விட்டுவிடும்.

வைப்பர் எட்டாத இடம் ஒன்று உண்டு, கீழ்விளிம்பு. சேலத்தில் பேனலின் சாய்வு ஏறக்குறைய 12 டிகிரிதான். வழிந்து வரும் தண்ணீரைக் கீழ்ச் சட்டத்தின் சின்ன வரம்பு மறித்துவிடும். அங்கேயே காயும், சேறு பட்டையாகப் படியும். இரண்டு விரல் பட்டைதானே என்று விடாதீர்கள். முழு செல் வைத்த பழைய பேனலுக்குள் செல்கள் மூன்று சங்கிலியாகப் போகின்றன. பேனல் நின்றவாக்கில் இருந்தால் மூன்றும் கீழ் வரிசைக்கு வந்துதான் திரும்பும், ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரி. வளைவில் ஒரு லாரி நின்றால் மலைப்பாதை முழுக்க நிற்கிறதா இல்லையா? அந்தப் பட்டை ஒரு செல்லில் ஐந்தில் ஒரு பங்கை மறைத்தால், அந்தச் சங்கிலியின் மின்னோட்டமே ஏறக்குறைய அவ்வளவு குறையும். மறைபட்ட செல் சூடேறவும் செய்யும். பேனலைப் படுத்தவாக்கில் மாட்டியிருந்தால் பாதிப்பு ஒரு சங்கிலியோடு நின்றுவிடும். செல்லைப் பாதியாக வெட்டிச் செய்த புதுப் பேனலில் மேல் பாதி தப்பிக்கும். தேங்கும் தண்ணீரை வரம்பைத் தாண்டி வடியவிடும் பிளாஸ்டிக் கிளிப் விற்கிறது, கீழ்விளிம்பில் பேனலுக்கு இரண்டு மாட்டலாம். இல்லையென்றால் கடைசியில் ஒரு பழைய பனியனால் அந்த ஓரத்தை ஒற்றி எடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? மீட்டரைப் பாருங்கள். மேகமில்லாத நாளில் கிலோவாட்டுக்கு நாலு யூனிட் சுமாராக வரும். கழுவிய மறுநாள் வந்ததைக் காலண்டரில் குறித்து வையுங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏறுங்கள். தை மாதக் கணக்கைச் சித்திரையோடு ஒப்பிட வேண்டாம், சூட்டிலும் உற்பத்தி குறையும்.

ஏற்காட்டு நேயர்களுக்கு என்று தனியாக வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: அங்கே தூசி இல்லை, பாசி. மூடுபனியில் கீழ்விளிம்பு காய்வதே இல்லை. சில்வர் ஓக் இலை அதில் ஒட்டிக்கொண்டால் பாசி சீக்கிரம் பிடிக்கும், இலையை அன்றன்றே தள்ளிவிடுங்கள். பிடித்துவிட்ட பாசியை நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் அட்டையால் வழியுங்கள். கத்தி வேண்டாம். வணக்கம்.