நாய்க்கு உண்ணி பிடுங்கியாச்சு, அப்புறம் என்ன செய்ய?

வணக்கம் மக்களே. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், நின்று பேசுகிறேன். பின்னால் கேட்பது ரப்பர் இலையில் மழை விழுகிற சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் எங்கள் நாய் செம்பியின் காதில் இருந்த உண்ணியை எப்படிப் பிடுங்குவது என்று காட்டினேன். பார்த்தவர்களில் பல பேர் "பிடுங்கியாச்சு, அப்புறம் என்ன செய்ய?" என்றுதான் கேட்டார்கள். நல்ல கேள்வி. உண்ணி கையோடு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் விட்டுவிடுகிறோம். அது கடித்திருந்த நேரத்தில் நோய்க் கிருமி உள்ளே போயிருந்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாய் ஓடும், ஆடும், சாப்பிடும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் படுக்கும். அதற்குள் உண்ணி பிடுங்கியதே நமக்கு மறந்து போயிருக்கும்.

முதலில் கையில் இருக்கிற உண்ணி. நகத்தால் நசுக்காதீர்கள், கல்லில் வைத்துத் தேய்க்காதீர்கள். அதற்குள் இருக்கிற ரத்தம் நம் விரல் கீறலில் படக்கூடாது. முற்றத்தில் வீசவும் கூடாது. ரத்தம் குடித்துப் பெருத்த பெட்டை உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டை போடும், நாலாயிரம் வரைகூடப் போகும். வெறும் தண்ணீரில் போட்டாலும் லேசில் சாகாது. மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, இதோ இந்த மாதிரி ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி அதில் போடுங்கள். குப்பியின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். பின்னால் டாக்டரிடம் போக வேண்டி வந்தால் அந்தத் தேதிதான் அவருக்கு முதலில் வேண்டும்.

அடுத்து கடிவாய். சோப்புத் தண்ணீரில் கழுவி, கொஞ்சம் போவிடோன் அயோடின் என்கிற கிருமிநாசினி மருந்தைத் தொட்டு வைத்தால் போதும். உங்கள் கையையும் நன்றாகக் கழுவுங்கள். உண்ணியின் வாய்ப்பகுதி தோலில் மாட்டிக்கொண்டது என்றால் ஊசி வைத்துத் தோண்ட வேண்டாம். தோண்டினால்தான் புண் பெரிதாகும். பெரும்பாலும் உடம்பே அதைத் தள்ளிவிடும். அந்த இடத்தில் சின்னதாக ஒரு தடிப்பு ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். வீங்கிக்கொண்டே போனால், சீழ் பிடித்தால் காட்டுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவுகிற பழக்கம் இருக்கிறது, புகையிலை ஊறிய தண்ணீரில் குளிப்பாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். நாய் தன் உடம்பை நக்கும். கற்பூரமும் புகையிலையும் வயிற்றுக்குள் போனால் இரண்டுமே விஷம்.

சரி, ஒரு உண்ணி கிடைத்தது என்றால் இன்னும் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலுக்குக் கீழே, கால் விரல்களுக்கு நடுவில், எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். குட்டி உண்ணி எள்ளை விடவும் சிறியது, கண்ணுக்குப் படும் முன்னால் விரலுக்குத்தான் தட்டுப்படும்.

இனி அந்த மூன்று வாரம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "லைம் நோய் வருமா?" என்று கேட்கிறார்கள். அதைப் பரப்புவது வேறு வகை உண்ணி. நம் ஊர் நாய்களில் அதிகம் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. அது கொண்டுவருவது எர்லிக்கியா, பேபிசியா போன்ற கிருமிகள். இவற்றால் வருகிற நோய் எல்லாவற்றையும் பொதுவாக டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். எர்லிக்கியா வந்தால், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் குறையும். மூக்கில் ரத்தம் வரலாம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். பேபிசியா சிவப்பணுவை உடைக்கும், மூத்திரம் கட்டன்சாயா, அதாவது பால் விடாத தேநீர் நிறத்தில் போகும்.

இதெல்லாம் முற்றிய பிறகு வருவது. அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். தினமும் ஈறைத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். நாயின் சாதாரண உடல் சூடு நம்முடையதை விட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாய்க்கென்று ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் டாக்டர். மீன் தலை போட்டும் எழுந்து வராத நாய் என்றால் தெர்மாமீட்டருக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உண்ணி பிடுங்கிய அன்றே ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதில் பெரிய பயன் இல்லை, அவ்வளவு சீக்கிரம் எதுவும் தெரியாது. அறிகுறி வந்ததும் மாட்டாஸ்பத்திரிக்கோ தனியார் டாக்டரிடமோ போய், "இந்தத் தேதியில் உண்ணி எடுத்தேன், ரத்தம் பார்க்க வேண்டும்" என்று நீங்களே சொல்லுங்கள். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் ஏறக்குறைய நான்கு வாரம் போகும். மூன்றாம் நாளே நாய் துள்ளும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறுவது இதைக் கேட்கும்போதுதான். கிருமி உள்ளே ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையையே பாதிக்கலாம், அப்போது காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கியும் கொடுக்காதீர்கள், எடைக்குத் தக்க அளவு வேண்டும். பேபிசியாவுக்கு மருந்தே வேறு.

அப்புறம் வீடு. இந்தப் பழுப்பு உண்ணி காட்டில் இருந்து வந்தது என்று நினைக்கிறோம், அது பெரும்பாலும் நம் சுவரிலேயே குடியிருக்கிறது. ரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கி, மேலே ஏறி விரிசலில் ஒளியும். அங்கேயே தோல் உரிக்கும், முட்டையிடும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதோ பாருங்கள், எங்கள் தொழுவத்தின் வெட்டுக்கல் சுவர். பூசாத கல், எத்தனை ஓட்டை! நாய் படுக்கிற இடத்தைச் சுற்றி இந்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். சாக்கு விரிப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரத்துக்கும் இதமான சூட்டுக்கும் உண்ணி வருடம் முழுக்கப் பெருகும். அதனால் தடுப்பு மருந்தையும் வருடம் முழுக்கத் தொடர வேண்டும். மாதம் ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வருகிற நாய் என்றால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் தலைவலியும் வந்தால், நாய்க்கு உண்ணி இருந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். இதே உண்ணி மனிதருக்கும் ஒரு டைபஸ் காய்ச்சலைக் கொடுக்கும். வீட்டில் பூனை இருந்தால், நாய்க்குத் தடவுகிற பெர்மெத்ரின் மருந்தை அதன் மேல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள், பூனைக்கு அது உயிர் போகிற மருந்து. தடவிய நாயையும் மருந்து காயும் வரை பூனையோடு படுக்க விடாதீர்கள்.

மழை விட்டதும் இந்தச் சுவரைப் பூசப் போகிறோம், அடுத்த வீடியோவில் அதைக் காட்டுகிறேன்.