பிள்ளை பெற்றவளை எங்கே போகச் சொல்கிறீர்கள்?

நடுவர் அவர்களுக்கும் பங்குத்தந்தைக்கும் பங்கு மக்களுக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் காலம் முடிவது இன்றைய ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடா, பிப்ரவரி 2 அன்றா என்பது தலைப்பு. நான் பிப்ரவரி 2 கட்சி.

எதிரணி நண்பர் 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் கொடுத்த நாட்காட்டியைக் காட்டினார். திருமுழுக்கு விழாவோடு காலம் முடிகிறது என்றுதான் அதில் இருக்கிறது. சரி, சட்டம் அவர் பக்கம். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, "பிப்ரவரி வரைக்கும் குடில் வைப்பது பக்தி இல்லை, ஸ்டாரை இறக்கச் சோம்பேறித்தனம்" என்று! நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் அம்மாச்சி, பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் சுரூபங்களை நேரே குடிலில் வைக்க மாட்டார். டிசம்பர் 25 அன்று டிவி மேல் நிற்பார்கள். அப்புறம் தையல் மெஷின். அப்புறம் அரிசி டிரம். ஒட்டகத்துக்கு ஒரு கால் உடைந்ததால் தீப்பெட்டி முட்டுக்கொடுத்துப் பயணம். மிக்ஸி ஓடினால் ஒட்டகம் விழும், ராஜாக்கள் ஒரு நாள் லேட். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 காலையில்தான் குடில் வாசலுக்கு வந்து சேருவார்கள். ஒரு வருடம் அன்று சாயங்காலமே மாமா குடிலைப் பிரிக்க ஆரம்பித்தார். அம்மாச்சி கேட்டார்: "ஏண்டா, இத்தனை நாள் நடந்து வந்தவங்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்காம வீட்டைப் பிரிப்பியா?"

நடுவர் அவர்களே, ராத்திரி பஸ்ஸில் வந்து மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள், உள்ளே ஓடு பிரிக்கிற சத்தம் கேட்கிறது! அதுவும் உங்கள் வண்டிக்கு மூன்று சக்கரம்தான்!

சோம்பேறித்தனமாம். கலைப்பது பத்து நிமிட வேலை ஐயா. நாற்பது நாள் வைத்திருந்து பாருங்கள். கொட்டாங்கச்சியில் விதைத்த கேழ்வரகு பழுத்துவிடும், மறுபடி விதைக்க வேண்டும். வைக்கோலில் எறும்பு. சூசையப்பருக்குப் பின்னால் பல்லி. கேக் தீர்ந்ததும் ஸ்டாரை இறக்குகிற நண்பருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நாற்பது நாள் சும்மா வந்த கணக்கில்லை. டிசம்பர் 25ஐயும் சேர்த்து எண்ணினால் பிப்ரவரி 2 நாற்பதாவது நாள். மோசே சட்டப்படி மாதா பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போன நாள். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்கள் கொடுக்கிற புறாக் காணிக்கைதான் அவர்கள் கையில். கிழவர் சிமியோன் பிள்ளையை வாங்கி ஏந்திக்கொண்டு, 'ஒளி' என்று சொன்னார். அதற்காகத்தான் அன்று நமக்கு மெழுகுதிரி மந்திரிக்கிறார்கள்.

அம்மாச்சி இதை வேறு மாதிரி சொல்வார். "பிள்ளை பெத்தவ நாற்பது நாள் கழிச்சுத்தான் வாசல் தாண்டணும். மாதாவை மட்டும் அதுக்குள்ள எங்கே போகச் சொல்றீங்க?" ஐந்து பெற்றவர் அவர். அதில் ஒன்று நாற்பது நாளைத் தாண்டவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போன பிப்ரவரியில் அம்மாச்சி இல்லை. பூசை முடிந்து வந்து அம்மா சுரூபங்களைப் பேப்பரில் சுற்றினார். பாலனை மட்டும் அம்மாச்சியின் பழைய சேலைத் துணியில். ஒட்டகத்தோடு அந்தத் தீப்பெட்டியும் பெட்டிக்குள் போனது.

இந்தக் கோயில் குடிலை நாளைக் காலை கலைக்கப்போகிறார்கள். சாமி, அந்தப் பாலனை...

மணி அடித்துவிட்டீர்களா? சரி. வணக்கம்.