74 காசுக்கு இரண்டு ஆண்டு யோசித்தவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைகள் நலத்திட்டம் என்றதும் நம் அரசியல்வாதிகள் சிக்கனம் பேசுகிறார்களே, அது நிதிப் பொறுப்பா, இரட்டை வேடமா? இதுதான் இன்றைய தலைப்பு. இரட்டை வேடமே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் மூன்று விஷயங்களை அழுத்திச் சொன்னார். அரசின் பணம் அளவானது, ஒவ்வொரு ரூபாயையும் யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும் என்றார். தொழிலுக்குக் கொடுப்பது வேலைவாய்ப்பாகத் திரும்பி வரும், சாப்பாட்டுக்குக் கொடுப்பது அன்றோடு தீர்ந்துவிடும் என்றார். பயனாளி உண்மையானவர்தானா என்று சரிபார்ப்பது அரசின் கடமை என்றார். நடுவர் அவர்களே, சிக்கனமும் சரிபார்ப்பும் தேவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு தட்டுச் சோற்றின் முன்னால் அவ்வளவு கறாராக நிற்கும் இந்த விதிகள், ஒரு நிறுவனத்தின் வரவு செலவு ஏட்டின் முன்னால் எங்கே போகின்றன என்பதுதான் என் கேள்வி.

யோசித்துச் செலவழிப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளி மதிய உணவுக்கு மத்திய அரசின் திட்டம் பிஎம் போஷண். நாடு முழுவதும் 11 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான திட்டம் அது. தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றின் ஒரு வேளை உணவுக்கு, தானியம் நீங்கலாக, பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அத்தனைக்கும் சேர்த்து 2022 அக்டோபரில் நிர்ணயித்த தொகை 5 ரூபாய் 45 காசு. அதற்குப் பிறகு பருப்பு விலை எப்படி ஏறியது என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொகை அடுத்து உயர்ந்தது 2024 டிசம்பரில். இரண்டு ஆண்டுக்கு மேல் யோசித்துக் கூட்டியது 74 காசு. 6 ரூபாய் 19 காசு ஆனது. 2025 மே மாதம் இன்னொரு 59 காசு கூடியது. மத்திய, மாநில அரசுகளின் பங்கு இரண்டும் சேர்ந்துதான் இந்தத் தொகை.

இப்போது 2019 செப்டம்பர் 20க்கு வாருங்கள். நிறுவன வருமான வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்படுகிறது என்று மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு. அரசுக்கு ஓராண்டில் ஏற்படும் வருவாய் இழப்பு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் என்று அவரே சொன்னார். இது பட்ஜெட்டில் வரவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதித்து வரவில்லை. அவசரச் சட்டமாக வந்தது, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பிறகுதான். அந்த ஓராண்டுத் தொகையை 2024-25இல் மதிய உணவுக்கு மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கிய 12,467 கோடியோடு வைத்துப் பாருங்கள். பதினொரு ஆண்டுக்கு மேல் ஓடும்.

வரியைக் குறைத்ததே தவறு என்று நான் வாதிடவில்லை. மற்ற நாடுகளோடு போட்டி இருக்கிறது, முதலீட்டை ஈர்க்க வேண்டும் என்ற வாதத்தில் பொருள் இருக்கலாம். ஆனால் 74 காசுக்கு இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்ட நாட்டில், 1 லட்சத்து 45 ஆயிரம் கோடிக்கு ஒரு கூட்டத்தொடர் வரை காத்திருக்க முடியாமல் போனது எப்படி? இதற்குப் பொறுப்பு என்று பெயர் வைக்க முடியுமா?

அடுத்தது, திரும்பி வருமா வராதா என்பது. எதிரணி மிகவும் நம்பியிருக்கும் வாதம் இது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தொழிலுக்குக் கொடுத்தது வேலையாகத் திரும்பியதா? நான் பதில் சொல்ல வேண்டாம், அரசே சொல்லியிருக்கிறது. மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையைப் பாருங்கள். 2023-24இல் பெருநிறுவனங்களின் லாப நிலை 15 ஆண்டுகளில் இல்லாத உச்சத்தைத் தொட்டது என்கிறது. லாபம் 22.3 விழுக்காடு கூடிய அதே ஆண்டில், அந்த நிறுவனங்களில் வேலைவாய்ப்பு கூடியது 1.5 விழுக்காடு. அதே 2023-24இல் மத்திய அரசுக்கு நிறுவனங்கள் கட்டிய வருமான வரி சுமார் 9 லட்சத்து 11 ஆயிரம் கோடி. தனிநபர்கள் கட்டியது 10 லட்சம் கோடிக்கு மேல். தனிநபர்களின் பங்கு நிறுவனங்களின் பங்கைத் தாண்டிப் போய்விட்டது.

குஜராத்தில் சானந்த் என்ற இடத்தில் மைக்ரான் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை. 2023 ஜூனில் அறிவித்தார்கள். மொத்த முதலீடு 275 கோடி டாலர். அதில் நிறுவனம் போடுவது அதிகபட்சம் 82.5 கோடி டாலர். 50 விழுக்காட்டை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் தருகின்றன. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15,700 கோடி ரூபாய் பொதுப்பணம். கிடைக்கும் என்று நிறுவனம் சொன்ன நேரடி வேலைகள் 5,000 வரை. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 3 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. மறைமுகமாக 15,000 வேலை வரும் என்றார்கள், அதையும் சேர்த்தால்கூட ஒரு வேலைக்கு 78 லட்சம். மதிய உணவுக்கு மத்திய அரசு ஓராண்டுக்கு ஒதுக்குவதைவிட அதிகமான தொகை ஒரே ஒரு தொழிற்சாலைக்கு. தானியச் செலவும் மாநிலங்களின் பங்கும் அந்த மதிய உணவு ஒதுக்கீட்டில் சேராது, தொழிற்சாலைக்குக் கொடுப்பது ஒருமுறைதான், இரண்டையும் நானே சொல்லிவிடுகிறேன். சிப் தயாரிப்பு நாட்டுக்கு வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் இந்த 70 விழுக்காட்டைக் கொடுத்தபோது, "நாடு திவாலாகிவிடும்" என்று எந்தத் தலைவராவது மேடையேறிக் கண்ணீர் விட்டாரா?

சரி, சாப்பாட்டுக்குக் கொடுத்தது அன்றோடு தீர்ந்துவிட்டதா? 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இந்திய மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிறு வயதில் பள்ளியில் சாப்பிட்ட பெண்கள் வளர்ந்து தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளிடம் வயதுக்கேற்ற உயரமில்லாத குறை குறைந்திருந்தது என்று அது கண்டது. ஒரு சிறுமிக்குப் போட்ட சோறு அவள் பெற்ற பிள்ளையின் எலும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைவிட நீண்ட கால முதலீட்டை எந்த முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்?

தமிழ்நாட்டையே பாருங்கள். 1956இல் காமராசர் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் கஜானா காலியாகிவிடும் என்று யாராவது சொன்னார்கள். இன்றைக்கு இந்தியாவில் அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் எது? தமிழ்நாடு. பள்ளியில் சோறு போட்டதால் தொழில் ஓடிப்போகவில்லை. படித்த கைகள் இங்கே கிடைத்தன, அந்தக் கைகளைத் தேடித் தொழில் வந்தது.

இனிச் சரிபார்ப்பு. 2017இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மதிய உணவு சாப்பிடும் குழந்தையிடம் ஆதார் இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. கண்டனம் எழுந்த பிறகுதான், ஆதார் இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் உணவு மறுக்கப்படாது என்று விளக்கம் வந்தது. 2025 ஜூலை முதல், அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் செல்போன் கேமராவின் முன்னால் நிற்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

22 விழுக்காட்டு வரி விகிதத்துக்கு மாறிய நிறுவனத்தின் மேல் இருந்த நிபந்தனை, மற்ற வரிச்சலுகைகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது. நியாயம்தான். ஆனால் இத்தனை பேருக்கு வேலை தருவேன், இவ்வளவு முதலீடு செய்வேன் என்று எந்த உறுதியும் கேட்கப்படவில்லை. மிச்சமான பணத்தை என்ன செய்தாய் என்று யாரும் பின்தொடரவில்லை. உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் நிபந்தனை இருக்கிறது, விற்பனை கூடினால்தான் பணம் என்கிறார்கள். அது சரியான முறை, பாராட்டுகிறேன். அப்படிக் கணக்குக் கேட்கத் தெரிந்த அரசுதான் மற்ற இடத்தில் கேட்காமல் விடுகிறது என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

வங்கிக் கடன் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதைப் பற்றி எங்கள் அணியில் பேசியபோது, நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு என்று எதிரணி திருத்தியது. திருத்தம் சரி, வசூல் நடவடிக்கை தொடரும். ஆனால் 2023இல் நாடாளுமன்றத்தில் தந்த பதில் என்ன? 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் நீக்கியது 14 லட்சத்து 56 ஆயிரம் கோடி. ஏறத்தாழ பாதி பெருந்தொழில் மற்றும் சேவைத் துறையுடையது. நீக்கிய கடன்களில் அதுவரை திரும்ப வந்தது 2 லட்சம் கோடியை ஒட்டி. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

நடுவர் அவர்களே, ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலைத் திறப்பு விழாவில், 'ரேவ்டி கலாச்சாரம்', அதாவது வாக்குக்காக இலவசங்களை வாரிக் கொடுக்கும் பழக்கம், நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்து என்று பிரதமர் பேசினார். அதன் பிறகு மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் அவருடைய கட்சி பங்கேற்ற அரசுகளே பெண்களின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் போட்டன. அந்தப் பணத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது பெண்களுக்கு உரியது. ஆனால் அதே மகாராஷ்டிரா 2025 ஜனவரியில் என்ன செய்தது? பள்ளிக் குழந்தைகளின் முட்டைக்கு மாநிலம் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 50 கோடி. முட்டை போட விரும்பும் பள்ளிகள் மக்களிடம் நன்கொடை திரட்டிக்கொள்ளலாம் என்றார்கள். தாய்க்கு வாக்கு இருக்கிறது, பிள்ளைக்கு இல்லை. நிறுவனங்களுக்கும் வாக்கு இல்லைதான். ஆனால் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்வதற்கு முன்னால், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கான தேர்தல் பத்திரங்கள் 16,500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றிருந்தன. எந்த நன்கொடைக்கு எந்தச் சலுகை என்று நான் குற்றம் சுமத்தவில்லை. கைமாறு நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று அந்தத் தீர்ப்பே கவலைப்பட்டது. ஐந்து வயதுக் குழந்தையால் பத்திரம் வாங்க முடியாது. அதனால்தான் அதன் தட்டில் கை வைக்க யாருக்கும் தயக்கம் வருவதில்லை.

இது ஒரு கட்சியின் நோய் என்று நினைக்க வேண்டாம், இன்றைக்கு வந்ததும் இல்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க முடிவெடுத்தது. நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் எடுத்த முடிவு அது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. தொடக்கக் கல்வி நிதியில் இந்தச் செலவுக்கு இடமில்லை என்று அன்றைய அரசு மறுத்ததால் 1925இல் நின்றுபோனது. அந்த ஓரணாவுக்குக் கணக்குப் பார்த்தவர்களை நாம் வெள்ளைக்காரன் என்று சொல்லிக் கடந்துவிட்டோம். நாம் ஆளும் நாட்டில், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இரத்த சோகை உள்ளவர்கள் 67 விழுக்காடு.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த 11 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சமைத்துப் போடும் பெண்களுக்கு மத்தியத் திட்டம் நிர்ணயித்திருக்கும் மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டில் பத்து மாதத்துக்குத்தான். சில மாநிலங்கள் தங்கள் கையிலிருந்து கூடுதலாகச் சேர்த்துத் தருகின்றன, அது வேறு. 1,000 என்று நிர்ணயித்தது 2009இல், காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில். 2014இல் பாஜக ஆட்சி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் அதற்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூடியிருக்கிறது. நிறுவன வரி குறைந்திருக்கிறது. அந்த 1,000 மட்டும் அப்படியே இருக்கிறது. இதை நிதிப் பொறுப்பு என்று அவர் இந்த மேடையில் சொல்லத் தயாரா? சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

வணக்கம்.