அந்தியேட்டிக்குப் பிறகும் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓகஸ்ட் 31, போதைப்பொருள் மிகையால் இறந்தவர்களை நினைவுகூரும் சர்வதேச நாள். 2001இல் மெல்போர்ன் நகரில் தொடங்கியது. கனடாவில் 2016 தொடக்கம் 50,000 பேருக்கு மேல் ஒபியொயிட் என்ற அபின் வகைப் போதைமருந்துகளின் நச்சால் இறந்திருக்கிறார்கள். ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் தமிழ் வீடுகள் இதற்கு விலக்கல்ல. எங்கள் மரண அறிவித்தல்களில் மட்டும் "திடீரெனக் காலமானார்" என்று நிற்கும்.

அது பிழையென்று சொல்ல நான் வரவில்லை. எதை வெளியே சொல்வதென்பது பெற்றவர்களின் உரிமை. செத்த வீட்டுக்குப் போகிற நாங்கள்தான், "ஆரோட சேர்ந்து திரிஞ்சவன்? உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ?" என்று குடையக்கூடாது. கள்ளமாக விற்கும் ஒரு மாத்திரையில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான ஒபியொயிட் எவ்வளவு இருக்கிறது என்று அதை விழுங்கும் பிள்ளைக்கே தெரியாது. ஃபென்டனில் இரண்டு மில்லிகிராமே உயிரை எடுக்கப் போதும். வளர்ப்புச் சரியில்லை என்று கதைப்பவர்கள் இதை அறிந்துவிட்டுக் கதைக்கட்டும்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒன்ராறியோவில் இப்படியான சாவுகளை மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார். உடலில் என்ன நஞ்சு இருந்தது என்ற பரிசோதனை முடிய மாதக்கணக்காகும். எட்டுச்செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, சோறு கறி கொண்டுவந்தவர்கள் தங்கள் வேலைகளுக்குத் திரும்பிய பிறகுதான் முடிவு தெரியவரும். மருந்துகளின் பெயர்களும் அளவுகளுமாக ஆங்கிலத்தில் இருக்கும் அறிக்கையைத் தாயும் தகப்பனும் தனிய இருந்து வாசிப்பார்கள். அந்தக் கிழமைதான் ஆள் துணை வேணும். "அறிக்கை வந்தா என்னைக் கூப்பிடுங்கோ அக்கா, நான் பக்கத்தில வந்து இருக்கிறன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆட்டைத் திவசம் வரைக்கும் போய் வாருங்கள்.

போகும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். அவன் விளையாடிய கிரிக்கெட், அவள் மிருதங்கம் பழகிய காலம், எதுவானாலும். கடைசி இரவு மட்டுமா அந்தப் பிள்ளையின் சீவியம்? கூடப் பிறந்தவர்களையும் மறக்க வேண்டாம். "இனி நீதான் அம்மா அப்பாவைப் பாக்க வேணும்" என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தோளில் பாரத்தை ஏற்றாதீர்கள். அதுவும் துக்கத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த மூன்று தாய்மார் 2016இல் தொடங்கிய 'மொம்ஸ் ஸ்டொப் த ஹார்ம்' என்ற அமைப்பு நாடு முழுவதும் இப்படியான குடும்பங்களை ஒன்றுசேர்க்கிறது. ஆங்கிலத்தில் அழத் தெரியாத ஒரு தமிழ்த் தாய்க்கு அங்கே கூட இருந்து சொல்லிக் கொடுக்க ஒருவர் வேணும். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

இன்னொன்று. மிகையான ஒபியொயிட்டை முறிக்கும் நலொக்சோன் மருந்து ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கி வீட்டில் வையுங்கள். ஆரும் மயங்கினால் உடனே 911ஐ அழையுங்கள். சொந்தப் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்தார்கள் என்று அழைத்தவர் மேல் வழக்குப் போடாமல் 2017ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. ஆனால் இதைச் செத்த வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டாம். இது மற்ற எல்லோருக்கும் உரிய செய்தி. அந்தத் தாய்க்கு அல்ல.

நன்றி, வணக்கம்.